ஆடிட் அன்னிக்குத் திறந்த தொட்டில் ரூம்

யாழினி கன்னத்துல நான் வச்சுவிட்ட திருஷ்டிப் பொட்டை எச்.ஆர். மேடம் ஈர டிஷ்யூவை வச்சு அழுத்தித் துடைச்சாங்க. மை போகல. கன்னம் பூராவும் கருப்பா இழுகிருச்சு. ஒதட்டைப் பிதுக்கிக்கிட்டு என் மக என்னையவே பாத்தா.

"என்னங்க வளர்மதி இது? கல்யாணத்துக்கா கூட்டிட்டு வந்திருக்கீங்க? தினமும் இங்க வர்ற குழந்தை இப்படியா வரும்?"

நிவேதா மேடம் கோயமுத்தூர்க்காரங்க. என்னைவிட வயசுல சின்னவங்க. கோவமாத்தான் பேசுனாங்க, ஆனா பேசுறப்பவே அவங்க கண்ணு வாசப் பக்கம் போயிப் போயி வந்துச்சு.

விசயம் இதுதான். "வெளிநாட்டுலேருந்து ஆடிட்டுக்கு வாராங்க, கைப்பிள்ளை இருக்கிறவங்க பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க"ன்னு முந்தின நாள் சொல்லிவிட்டாங்க. எப்பிடிக் கூட்டிட்டு வரணும்னு சொல்லல. எங்க பக்கத்துப் பொம்பளைங்க பிள்ளையை ஒரு பெரிய இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுன்னா எப்பிடிப் போவாங்க? பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம், கால்ல கொலுசு, கண்ணை அடைச்சு மை. கம்பெனி லைன்ல எனக்குப் பக்கத்துல நிக்கிற சரோஜா அக்கா, மகனுக்குக் காதுகுத்துக்கு எடுத்த பட்டு வேட்டியையே கட்டிக் கூட்டியாந்துட்டாங்க. ரெண்டு வயசுப் பய. எட்டு வைக்கிறப்பல்லாம் வேட்டி அவுந்து விழுகுது, அவன் குனிஞ்சு குனிஞ்சு எடுக்குறான். அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"கழட்டுங்க, எல்லாத்தையும் கழட்டுங்க, அவங்க வண்டி கிளம்பிடுச்சு"ன்னு மேடம் பதறுனாங்க. பூவை உருவி, பாவாடையை அவுத்து, கொலுசைக் கழட்டி எல்லாத்தையும் கேரிபேக்குல திணிச்சோம். பிள்ளைங்க பெட்டிக்கோட்டோடயும் ஜட்டியோடயும் நின்னுச்சு. பொட்டை அழிக்கப் போனப்பத்தான் சரோஜா அக்கா சண்டைக்கு நின்னுட்டாங்க.

"கடல் தாண்டி வந்தவங்க கண்ணெல்லாம் எம்புள்ளை மேல விழப்போகுது. பொட்டை எடுங்கிறீங்களே, நாளைக்கு அவனுக்குக் காச்சல் வந்தா நீங்களா வந்து பாப்பீங்க?"

"அக்கா, ப்ளீஸ்க்கா. என் வேலை போயிடும்க்கா."

கடைசியில உள்ளங்கால்ல வச்சுக்கிறதுன்னு முடிவாச்சு. அத்தனை பிள்ளைக்கும் உள்ளங்கால்ல மையை வச்சு, தொட்டில் ரூமுக்குள்ள விட்டோம்.

ஒரு கொறையும் இல்லாத கம்பெனி

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருத்தங்க, "கம்பெனியைத் திட்டுறதுக்குன்னே எழுதுறீங்களா?"ன்னு கேட்டிருந்தாங்க. இல்லங்க. நல்லதும் சொல்றேன், கேளுங்க.

புதுக்கோட்டைக்கு வெளிய, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற பெரிய கம்பெனி அது. காருக்குள்ள ஓடுற ஒயருங்களைக் கட்டாக் கட்டி, டேப் சுத்தி அனுப்புறது எங்க வேலை. நாள் பூரா டேப் சுத்துனா விரல்ல பசை ஏறிரும். சீயக்காய் போட்டுத் தேச்சாலும் அந்த வாடை போகாது. யாழினி கைக்குழந்தையா இருந்தப்ப என் விரலைப் பிடிச்சு மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிப்பா.

சாப்பாடு நல்லாருக்கும். வெள்ளிக்கிழமை பாயசம் உண்டு. யூனிபார்ம் அவங்களே தைச்சுத் தருவாங்க. யாழினி பொறந்தப்ப சம்பளத்தோட லீவு குடுத்தாங்க, ஒரு நாள் கொறைக்கல. மகளிர் தினத்துக்கு ஆளுக்கு ஒரு ரோசாப்பூ. மேனேஜர் மாருங்க யாரும் மரியாதை கொறைச்சுப் பேச மாட்டாங்க. எங்க சின்னம்மா பஞ்சு மில்லுல வேலை பாத்தவங்க. அவங்க பட்டதைக் கேட்டா நான் இருந்தது சொர்க்கம்தான்.

பஸ்ஸும் அப்பிடித்தான். வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு, மெயின் ரோட்டுலேருந்து உள்ள தள்ளி இருக்கிறது எங்க ஊரு. மொத மொதல்ல கம்பெனி பஸ் வந்து நின்னப்ப, பெரிய வெள்ளை பஸ்ஸைப் பாத்துட்டு யாரு வீட்டுல கல்யாணம்னு விசாரிச்சாங்க. அதுல ஏறிப்போற பொம்பளைங்களை ஊரே வேடிக்கை பாத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அதுவரைக்கும் நான் குமாரு பொண்டாட்டி. கம்பெனி அட்டையிலதான் என் போட்டோவுக்குக் கீழ என் பேரு மட்டும் இருந்துச்சு. அதைக் கழுத்துல மாட்டுறப்பல்லாம் முதுகு தானா நிமிரும்.

கேன்டீனுக்குப் போற வழியில ஒரு பெரிய போர்டு. "உங்கள் உரிமைகள்"னு தலைப்பு. அதுல குழந்தைகள் காப்பகம்னு ஒரு வரி. அந்தப் போர்டுக்கு எதுத்தாப்லதான் தொட்டில் ரூம். நாங்க வச்ச பேரு அது. பொம்பளைங்க நெறையப் பேரு வேலை பாக்குற எடத்துல பிள்ளை பாத்துக்க ரூம் வைக்கணுமாம், சட்டமாம். வச்சிருந்தாங்க. பச்சைப் பெயின்ட், செவுத்துல ஒட்டகச்சிவிங்கி, வரிசையாத் தொட்டில், ஒரு சறுக்கு மரம், மரத்துல செஞ்ச ஆடுகுதிரை. கண்ணாடிக் கதவு, அதுல எப்பவும் ஒரு பூட்டு.

சாப்பிடப் போறப்ப அந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பாப்போம். "குதிரை என்னமோ நம்ம ஓவர்டைம் பாக்குற மாதிரி அசையாம நிக்குது பாரு"ம்பாங்க சரோஜா அக்கா.

மாமியார் விழுந்த பொறவு

யாழினியை என் மாமியார்தான் பாத்துக்கிட்டாங்க. அதனால பூட்டுன ரூமைப் பத்தி நான் மொதல்ல அலட்டிக்கல. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவங்க வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கட்டில்ல கெடந்துட்டாங்க. அப்பத்தான் என் தலையில இடி விழுந்துச்சு.

வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை. அவரு அனுப்புறது வந்தா வரும், வராட்டி இல்ல. வீட்டுல அடுப்பெரியிறது என் சம்பளத்துல. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன். அவங்க வீட்டுல ஆடு மாடு, ஆயிரம் வேலை. என் பிள்ளை பொழுதன்னைக்கும் புழுதியில கெடந்தா.

என் நாத்தனார் ஆவூர்ப் பக்கம் வாக்கப்பட்டவங்க. அண்ணின்னு கூப்பிடுவேன். தங்கமான மனுசி. கல்யாணமாகி வருசம் ஓடியும் பிள்ளை இல்ல. "யாழினியை நான் வச்சுக்கிறேன் வளரு, ஒனக்கும் வசதி, எனக்கும் வீடு நெறைஞ்ச மாதிரி இருக்கும்"னாங்க. அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அவங்க பாத்த பார்வை எனக்குப் பிடிபட்டுச்சு. இப்பக் குடுத்தா திரும்பி வாங்குறதுக்கு எனக்கும் மனசு வராது, அவங்களுக்கும் குடுக்க மனசு வராதுன்னு அப்பவே தோணிருச்சு.

"கொஞ்ச நாள் பொறுங்க அண்ணி, கம்பெனியிலயே பிள்ளை பாத்துக்கிற ரூம் இருக்கு, தொறந்துருவாங்க"ன்னு சொல்லி அனுப்புனேன்.

எங்க கம்பெனியில தொழிலாளர் நலக் கமிட்டின்னு ஒண்ணு உண்டு. லைனுக்கு ஒருத்தர். எங்க லைனுக்கு நான். ஏசி ரூம்ல கூட்டம், டீ, கிரீம் பிஸ்கட். கேட்டேன். "நோட் பண்ணிக்கிட்டோம்"னாங்க. அடுத்த கூட்டத்துலயும் கேட்டேன். அப்பவும் அதையேதான் சொன்னாங்க. அவங்க நோட் பண்ணதை எல்லாம் சேத்து வச்சா அந்த ரூம்லயே எடம் பத்தாது.

அதனாலதான் ஆடிட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வான்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதி. ஒரு நாள் தொறந்தா மறுநாளும் தொறக்கச் சொல்லலாம்ல?

கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்

பிள்ளைங்களை ஏத்தியார ஆடிட் அன்னிக்குத் தனியா ஒரு வேன் அனுப்பியிருந்தாங்க. போற வழியில ஒரு சூப்பர்வைசர் எங்களுக்குப் பாடம் நடத்துனாரு. "பிள்ளை தினமும் வருதா? வருதுங்க. வசதியா இருக்கா? ரொம்ப வசதியா இருக்குங்க." நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி திருப்பிச் சொன்னோம்.

தொட்டில் எல்லாம் நெறையணுமே, அதுக்கு எங்க பிள்ளைங்க பத்தல. வாட்ச்மேன் வீட்டுலேருந்து எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளையைக் கூட்டியாந்து தொட்டில்ல போட்டிருந்தாங்க. காலு ரெண்டும் வெளிய தொங்குது. அது பாட்டுக்கு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கிட்டு இருக்கு.

மத்ததுங்க எல்லாம் ஒரே அழுகை. ஒருநாளும் பாக்காத ரூம், ஒருநாளும் பாக்காத ஆயாம்மா. காது கிழியுது. என் மக மட்டும் அழல. நேரா ஆடுகுதிரைக்குப் போயி, அதைக் கட்டிப்பிடிச்சு, நான் தூக்கி உக்கார வச்சதும் ஆட ஆரம்பிச்சவதான். வாயெல்லாம் பல்லு. மேடம் ஓடியாந்து போன்ல போட்டோ எடுத்தாங்க.

வெள்ளைக்காரர் ஒருத்தர், கூடவே நம்ம ஊரு அம்மா ஒருத்தங்க. மெட்ராஸ்லேருந்து வந்தவங்க, கண்ணாடி போட்டவங்க. ரூமைச் சுத்திப் பாத்துட்டு அந்தம்மா என்னைக் கைகாட்டி, "இவங்ககிட்டத் தனியாப் பேசணும்"னாங்க. மேடம் மூஞ்சி வெளுத்துருச்சு.

சின்ன ரூம். கதவைச் சாத்திட்டு அந்தம்மா எனக்கு எதுத்தாப்ல உக்காந்தாங்க.

"பயப்படாதீங்க. நீங்க சொல்றது யாருக்கும் போகாது. உங்க குழந்தை தினமும் இங்கதான் இருக்குதா?"

பாடம் பண்ண பதில் நாக்கு நுனியில நிக்குது. சொன்னா வேலை தப்பிச்சுது. ஆனா சொன்னா, சாயங்காலமே பூட்டுப் போட்டுருவாங்க, எம்பிள்ளை ஆவூருக்குப் போயிருவா. எனக்கு எங்கிட்டிருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ தெரியல.

"இல்லங்க மேடம். இன்னிக்குத்தான் தொறந்தாங்க. நீங்க போனதும் பூட்டிருவாங்க. பூட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க மேடம், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"எனக்கும் தெரியும்ங்க. தினமும் வர்ற குழந்தைங்க இப்படி அழாது. ஆனா யாராவது ஒருத்தர் வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும். உங்க பேர் வராமப் பாத்துக்கிறேன்."

"பேரு வந்தா வந்துட்டுப் போகட்டும் மேடம். கதவு தொறந்தாப் போதும்."

சாயங்காலம் பிள்ளையைக் குதிரையை விட்டு எறக்க நானும் ஆயாம்மாவும் பட்ட பாடு இருக்கே! வேன் ஏறுற வரைக்கும் கத்துனா. "நாளைக்கு வரலாம்டி தங்கம், தினமும் வரலாம்"னு சொல்லிச் சொல்லித் தூக்கிட்டு வந்தேன். பொய் சொல்றதா எனக்குத் தோணவே இல்ல.

கதவு தொறந்துச்சு

நம்ப மாட்டீங்க. தொறந்துட்டாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. வேலை போச்சுன்னுதான் போனேன். "ஆடிட்ல எழுதிட்டாங்க வளர்மதி. வர்ற திங்கள்ல இருந்து தினமும் திறக்கணும்னு மேல இருந்து உத்தரவு"ன்னாங்க. யாரு சொன்னதுன்னு அவங்க கேக்கல. கேக்காமயே தெரிஞ்சிருக்கும். "நல்லதுதாங்க. நானும் மேல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்"னு மெதுவாச் சொன்னாங்க. அவங்களும் சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்கதானே.

பெரிய மேனேஜர் ரிப்பன் வெட்டுனாரு. கேசரி குடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி ஆவூருக்குப் போன் போட்டு, "அண்ணி, ரூம் தொறந்தாச்சு"ன்னு சொன்னேன். "தொறந்துட்டாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. பொறவு "நல்லது வளரு"ன்னாங்க. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சந்தோசத்துக்கு முன்னாடி அது பெருசாத் தெரியல.

மறுநாள் விடியக்காலம் யாழினியை எழுப்பி, குல்லா மாட்டி, இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் நிக்கிற எடத்துக்குப் போனேன். அவ தூக்கத்துலயே "குதிய, குதிய"ங்கிறா. குதிரையைத்தான் சொல்றா.

பஸ் வந்துச்சு. டிரைவர் மாரிமுத்து அண்ணன் எறங்கி வந்து படிக்கட்டுல நின்னுக்கிட்டாரு.

"தங்கச்சி, பிள்ளையை ஏத்தக் கூடாதும்மா. ஆர்டர்."

"என்னண்ணே சொல்றீங்க? ரூம் தொறந்துட்டாங்கண்ணே!"

"ரூம் தொறந்தது சரி. பஸ்ல ஸ்டாஃபுக்கு மட்டும்தான் இன்சூரன்ஸாம். சின்னப் பிள்ளை ஏறுனா எம்மேல வந்துரும்."

"ஆடிட் அன்னிக்கு வேன் விட்டாங்களே?"

"அது ஆடிட்டுக்கு விட்டதும்மா."

உள்ள உக்காந்திருந்தவங்க எல்லாரும் என்னையே பாக்குறாங்க. பஸ் ஹாரன் அடிக்குது. ஓடிப்போயி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, தூங்குற பிள்ளையை அவங்க கையில திணிச்சுட்டு ஓடியாந்து ஏறுனேன்.

பஸ்

மேடம்கிட்டப் போயி நின்னேன். "மடியிலதான் வச்சுக்குவேன் மேடம், ஒரு சீட்டுகூட அடைக்க மாட்டா"ன்னேன். "புரியுது வளர்மதி. வழியில ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பாகணும். பாதுகாப்பு விதி அது. உங்க நல்லதுக்குத்தான் வச்சிருக்காங்க"ன்னாங்க. அந்தக் கம்பெனியில எனக்கு எத்தனை பேரு எத்தனை நல்லது வச்சிருந்தாங்கன்னு நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

டவுன் பஸ்ல போயிப் பாத்தேன். எங்க ஊருக்கு மொத பஸ் வர்றதுக்குள்ள அங்க ஷிப்ட் ஆரம்பிச்சிரும். லேட்டாப் போனா அரை நாள் போச்சு. ரெண்டு மூணு தடவை அப்பிடி ஆனதும் எச்சரிக்கை குடுத்துட்டாங்க. ஷிப்டை மாத்திக் கேட்டேன், லைன் வேலைக்கு அப்பிடிக் கிடையாதுன்னுட்டாங்க. சுத்துப்பட்டுல இருக்கிற தாய்மாருங்க சேந்து ஒரு ஆட்டோ பேசலாம்னு பாத்தோம். ஆளுக்கொரு ஊரு, ஆளுக்கொரு தெசை. ஒத்து வரல.

ஒருநாள் மாரிமுத்து அண்ணன் மனசு எறங்கிட்டாரு. "சால்வையைப் போட்டு மூடிக்கிட்டு ஏறு, நான் பாக்கல"ன்னாரு. பிள்ளையைப் போத்தி மடியில படுக்க வச்சேன். சரோஜா அக்காவும் இன்னொருத்தியும் மறைச்சு உக்காந்துக்கிட்டாங்க. கேட்டுக்கு வர்ற வரைக்கும் தங்கம் மாதிரி தூங்குனா. செக்யூரிட்டி உள்ள ஏறி அட்டையைப் பாத்துக்கிட்டு வர்றப்ப, கம்பெனி வந்திருச்சுன்னு எப்பிடித்தான் தெரிஞ்சுச்சோ, எந்திரிச்சு உக்காந்து "குதிய!"ன்னு கத்துனா.

ரூம் தொறந்த பொறவு அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான் யாழினி அங்க இருந்தா. மாரிமுத்து அண்ணனுக்கு மெமோ குடுத்துட்டாங்க. சாயங்காலம் அவரு மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூசுச்சு.

"என்னாலதானண்ணே."

"விடும்மா. எனக்கும் பொம்பளைப் பிள்ளை இருக்கு. ஆனா இனிமே கேக்காத."

ரூம் தெனமும் தொறந்திருந்துச்சு. கண்ணாடி வழியாப் பாத்தா ஆயாம்மா தனியா உக்காந்து தூங்கி வழியுவாங்க. கேட்டுக்குப் பக்கத்துலயே குடியிருந்த ஒருத்தி மட்டும் கொஞ்ச நாள் பிள்ளையைக் கொண்டாந்தா, பொறவு அவளும் மாமியார் வீட்டுப் பக்கம் குடிபோயிட்டா. அப்பறம் கமிட்டிக் கூட்டத்துல மேனேஜர் பேச்சை எடுத்தாரு. "நாங்க திறந்து வச்சோம், நீங்க யாரும் கொண்டு வரல. ஆயாவுக்கு வேலையே இல்ல. தேவைப்பட்டா அப்போ திறந்துக்கலாம்."

"சார், பஸ்ல ஏத்துனா நாளைக்கே கொண்டாருவோம்"னேன்.

"நோட் பண்ணிக்கிட்டோம்மா."

பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளுனாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

"நீயும் பாவம், ரூமைத் தொறக்க வச்ச. பஸ்ஸை யாருடி தொறக்க வைக்கிறது?"ன்னாங்க சரோஜா அக்கா. அவங்க மகனைத் திருச்சியில அக்கா வீட்டுல விட்டுட்டாங்கன்னு அன்னிக்குத்தான் சொன்னாங்க.

இதுல யாரைப் போயித் திட்டுறது, நீங்களே சொல்லுங்க. சட்டம் வச்சவன் ரூம் வைக்கச் சொன்னான், வச்சாங்க. ஆடிட்டரம்மா தொறக்கச் சொன்னாங்க, தொறந்தாங்க. இன்சூரன்ஸ்காரன் பிள்ளையை ஏத்தாதேன்னான், ஏத்தல. எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் பாத்தாங்க. ஒரு கெட்டவன் இருந்திருந்தா அவன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். அப்பிடி ஒருத்தனும் இல்லையே.

ரோட்டோரம்

ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சு வாரேன். எங்க ஊருக்குப் பிரியிற எடத்துல, மெயின் ரோட்டு ஓரத்துல ஒரு சின்னப் பிள்ளை தனியா நிக்குது. மணல் லாரி ஒண்ணு அதை ஒட்டிப் போகுது. காத்துல அதோட கவுன் தூக்கி அடிக்குது. பஸ் சன்னல் வழியாப் பாத்துட்டு, "எந்தப் புண்ணியவதி பெத்ததோ, இப்பிடி விட்டுட்டாளே"ன்னு வாய்விட்டுச் சொன்னேன்.

பஸ் நின்னுச்சு. எறங்கிப் பாத்தா, எம்மக.

பக்கத்து வீட்டுக்காரங்க ஆடு பத்தப் போயிருந்தாங்க. பிள்ளை அவங்க பின்னாடியே வந்து வழி தப்பியிருக்கா. கம்பெனி பஸ்ஸைப் பாத்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. கையைக் கையை ஆட்டுறா. நான் அங்கனயே ரோட்டுல உக்காந்துட்டேன். மாரிமுத்து அண்ணன் பஸ்ஸை எடுக்கவே இல்ல, நான் எந்திரிக்கிற வரைக்கும் நின்னாரு.

அன்னிக்கு ராத்திரியே ஆவூருக்குப் போன் போட்டேன். "அண்ணி, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னேன். மறுநாள் காலையில மொத பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. யாழினி துணிமணி எல்லாம் ஒரு கட்டைப்பைக்குள்ள அடங்கிருச்சு.

அந்த வருசம் கம்பெனிக்கு ஒரு விருது கெடைச்சுது. பெண் தொழிலாளர்களை நல்லபடி வச்சிருக்காங்கன்னு. கேடயத்தைக் கண்ணாடிப் பொட்டியில வச்சு, அதுக்குப் பின்னாடி செவுத்துல பெரிய பெரிய போட்டோவா மாட்டுனாங்க. அட்டையைத் தேய்ச்சுட்டு உள்ள போற எடம் அது. நடுவுல இருக்கிற போட்டோவுல பெட்டிக்கோட்டோட ஒரு பிள்ளை ஆடுகுதிரை மேல உக்காந்து சிரிக்குது. கன்னத்துல மை இழுகியிருக்கு.

மொத நாள் பாத்தப்ப நின்னுட்டேன். பின்னாடி வரிசையில நின்னவங்க "போக்கா, லேட்டாகுது"ன்னு தள்ளுனாங்க. பொறவு தலையைக் குனிஞ்சுக்கிட்டே அட்டையைத் தேய்க்கப் பழகிட்டேன்.

ஆவூர்

ஞாயித்துக்கிழமை லீவுதான். ஆனா ஆர்டர் அவசரம்னா அன்னிக்கும் ஷிப்ட் வச்சிருவாங்க. வாராவாரம் போகணும்னுதான் நெனச்சேன். மாசத்துக்கு ஒருக்கான்னு ஆச்சு. மாமியாருக்கு ஒடம்பு ரொம்ப முடியாமப் போனப்ப அதுவும் தள்ளிப்போச்சு. போன்ல பேசுவேன். மொதல்ல எல்லாம் "எப்பம்மா வருவே"ன்னு அழுவா. பொறவு போனைக் காதுல வச்சுக்கிட்டே வேற எதையோ வெளையாடுவா. அண்ணி "அம்மாகிட்டப் பேசுடி"ன்னு சொல்றது எனக்குக் கேக்கும்.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறி, அவளுக்கு ஜிலேபி வாங்கிக்கிட்டு, போயிச் சேர்றப்ப உச்சி வெயிலு. கோயில் மணி அடிச்சு ஓஞ்சிருந்துச்சு. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுறேன், யாழினி கதவுகிட்ட நிக்கிறா. வளந்துட்டா. எண்ணெய் வச்சு ரெட்டைச் சடை போட்டு, கன்னமெல்லாம் பூசுன மாதிரி இருக்கு. என்கிட்ட இருந்திருந்தா இப்பிடி இருந்திருக்க மாட்டா, அதையும் சொல்லணும்.

"தங்கம்"னு ரெண்டு கையையும் நீட்டுனேன்.

என்னை ஏறெடுத்துப் பாத்தா. அழல, பயப்படல, ஓடியும் வரல. திரும்பி விறுவிறுன்னு உள்ள போனா. ஒளிஞ்சு வெளையாடுறான்னு நெனச்சு நான் சிரிச்சுக்கிட்டே நாக்காலியில உக்காந்தேன்.

உள்ளேருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, சிந்தாம, நாக்கைக் கடிச்சுக்கிட்டு நடந்து வந்தா. என் முன்னாடி வந்து நின்னு நீட்டுனா.

"வீட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல தண்ணி கொண்டாந்து குடுக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன் வளரு. நல்லாப் பழகிட்டா"ன்னு அண்ணி அடுப்படியிலேருந்து பெருமையாச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. என் மூஞ்சியைப் பாத்ததும் அப்பிடியே நின்னுட்டாங்க.

யாழினி நான் வாங்குற வரைக்கும் கையை எறக்காம நின்னா. வாங்கிக் குடிச்சேன்.